சரளைக் குழியில் ஒரு நாவல்

கென்னத் ஆல்சப்பின் ‘அட்வென்ச்சர் லிட் தெயர் ஸ்டார்’ 1949இல் வந்த நூல். நாவல் என்று பெயர், ஆனால் பாதி பறவைக் குறிப்பேடு. கதை நடப்பது லண்டனுக்கு மேற்கே, நம்மவர்கள் நிறையப் பேர் வீடு வாங்கியிருக்கும் பக்கத்தில். ஃபெல்தமிலோ ஹவுன்ஸ்லோவிலோ இருப்பவர்கள் இந்த நூலுக்குள்தான் தினமும் காரோட்டிப் போய்வருகிறார்கள்.

நாயகன் என்று சொல்லத்தக்கது பட்டாணி உப்புக்கொத்தி. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் கொண்ட சிறு பறவை. பிரித்தானியாவில் அது முதன்முதலில் முட்டையிட்டது 1938இல், ட்ரிங் நீர்த்தேக்கத்தில். 1944இல் மறுபடி வந்தபோது ஒரு சோடி மிடில்செக்ஸில் சரளை தோண்டும் குழியொன்றைத் தேர்ந்தெடுத்தது. ஆல்சப்புக்கு இதுதான் பொறி. காசநோயிலிருந்து தேறிவரும் விமானப்படை இளைஞன் ஒருவன் அந்தப் பறவைகளைக் கண்டு, காவல் இருக்கிறான். முட்டை சேகரிப்பவன் தேடி வருகிறான். கதை இவ்வளவுதான்.

சரளை என்றால் எங்கள் ஊரில் றோட்டுக்குக் கொட்டும் கிறவல் நினைவுக்கு வரும். இது வேறு. பனியுகத்துத் தேம்ஸ் உருட்டிக்கொண்டுவந்து போட்ட கூழாங்கல். லண்டனின் கொங்கிரீட்டுக்கு அதைத்தான் தோண்டினார்கள். மண்ணை வழித்து, நீரைப் பம்பு வைத்து இறைத்து, குழியின் தரையை வெறுங்கல்லாக்கிவிட்டால் உப்புக்கொத்திக்கு அது அச்சு அசலான ஆற்றுத்திட்டு. கல்லோடு கல்லாகத் தெரியும் நான்கு முட்டைகளை அங்கே இடும்.

நூலின் பலம் இங்கேதான். ஆல்சப் அழகான இடம் தேடிப் போகவில்லை. லொறி, துருப்பிடித்த இயந்திரம், சேற்றுக்குட்டை, இவற்றை மன்னிப்புக் கேட்காமல் எழுதுகிறார். நம் இதழ்களில் வரும் சூழலியல் எழுத்தில் பெரும்பகுதி ஒப்பாரி. ஆறு செத்தது, குளம் செத்தது என்று முதல் பத்தியிலேயே பாடை கட்டிவிடுகிறோம். பிறகு பார்ப்பதற்கு எதுவும் இருப்பதில்லை. ஆல்சப் பார்க்கிறார்.

எங்கிருந்தோ பறந்து வந்து, யாரும் விரும்பாத நிலத்தில் கூடுகட்டும் பறவை. நம் வாசகர் உடனே ‘இது நாம்தான்’ என்பார். நானும் முதல் வாசிப்பில் அப்படித்தான் அடிக்கோடிட்டேன். இப்போது அந்தக் கோடுகள் வெட்கமாயிருக்கின்றன. இந்தப் பறவை இலையுதிர்காலத்தில் ஆபிரிக்காவுக்குத் திரும்பிப் போகும், விசா கேட்காது. அதே இனத்தின் இன்னொரு பிரிவு இந்தியாவிலும் இலங்கையிலும் எங்கும் போகாமல் ஆற்றோரத்தில் முட்டையிடுகிறது. அதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

குறை, வில்லன் விஷயத்தில். கெடுதல் முழுவதையும் முட்டைக் கள்வன் தலையில் கட்டிவிட்டு, தோண்டும் இயந்திரத்தை வெறும் பின்னணியாக விட்டுவிடுகிறார் ஆல்சப். முட்டைக் கள்வனை 1954ஆம் ஆண்டுச் சட்டம் பார்த்துக்கொண்டது. இயந்திரத்தின் கதை அப்படி முடிவதில்லை. தோண்டி முடிந்தால் பம்பு நிற்கும், குழி ஏரியாகும், அல்லது குப்பையால் நிரம்பும். வெறுங்கல்லாக விட்டாலும் சில வருடங்களில் புல்லும் வில்லோவும் மூடிவிடும். பறவைக்குக் கிடைத்தது குறுகிய கால வாடகை வீடு. நாவல் ஒரு கூட்டின் வெற்றியோடு திருப்தியடைகிறது. குழியின் ஆயுள் அதன் கணக்கில் இல்லை.

அந்தக் கணக்கை எழுதியவர்கள் இலக்கியவாதிகள் அல்ல, திட்டமிடல் அதிகாரிகள். தோண்டியபின் நிலத்தைப் பராமரிக்கும் கடமையை 1981இன் கனிமச் சட்டம் அனுமதி நிபந்தனைகளில் சேர்க்க வழி செய்தது. கூடு கட்டும் மாதங்களில் அந்த மூலையில் லொறி போகாமல் தடுப்பது, கரையைச் செங்குத்தாக வெட்டாமல் சரிவாக விடுவது, சரளைத் தீவுகளில் முளைப்பதைக் குளிர்காலத்தில் வழிப்பது, தகைவிலான் துளையிட்ட மணற்சுவரைக் குஞ்சுகள் பறக்கும்வரை தொடாமலிருப்பது. அலுப்பூட்டும் வாசகங்கள்தான், ஆனால் பறவை பிழைப்பது இவற்றால். கேம்பிரிட்ஜுக்கு வடக்கே நீடிங்வர்த் குவாரியில் தோண்டத் தோண்டவே நாணல்காடு உருவாக்கி வருகிறார்கள். இன்று அது ஊஸ் ஃபென் சரணாலயம். எங்கள் பக்கத்தில் அது சுலபமில்லை. விமான நிலையத்தைச் சுற்றி 13 கிலோமீற்றருக்குள் பறவைகளை ஈர்க்கும் நீர்நிலை என்றால் ஹீத்ரோவிடமும் கேட்க வேண்டும். எஞ்சினுக்குள் வாத்து போனால் யார் பொறுப்பு?

இதையெல்லாம் அப்படியே ஊருக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. தேம்ஸ் சரளை செத்த ஆற்றின் எச்சம், வயலுக்கடியில் கிடப்பது. நம் ஊர்களில் தோண்டுவது உயிரோடு ஓடும் ஆற்றின் படுகையை. படுகை தாழ்ந்தால் கிணறும் தாழும், முட்டையிடும் திட்டும் போகும். அங்கே குழி யாருக்கும் வீடாவதில்லை. ஆல்சப்பின் நாவலை அந்தக் கரையில் எழுத முடியாது.

போன வருடம் ஊரில் வீடு திருத்தக் காசு அனுப்பினேன். தம்பி வட்ஸப்பில் அனுப்பிய கணக்கில் ஆறு டிப்பர் மணல். இந்த நூலை இரண்டாம்முறை முடித்த இரவு அவனை அழைத்து, அந்த மணல் எந்த ஆற்றிலிருந்து வந்தது என்று கேட்டேன்.

“டிப்பர்காரன் கொண்டுவந்து பறிச்சவன். எங்கயெண்டு கேக்கேல்லை அண்ணை. ஏன், மணல் சரியில்லையோ?”