ஆனைமலைப் பெயர்களும் இக்காலப் பெயரீடும்

குழந்தைகட்குப் பெயரிடும் முறை இக்காலத்துக் கெட்டொழிந்தது என்றும், முன்னோர் இட்ட பெயர்கள் பல நூற்றாண்டு மாறாது நின்றன என்றும், அவற்றைக் கைவிட்டுப் பொருளறியா ஒலிகளை மேற்கொண்டமையே சமயவுணர்ச்சி குன்றியதற்குச் சான்று என்றும் சைவ மேடைகளிற் பலர் கூறுவர். இக்கூற்றில் உண்மையும் உண்டு; பிழையும் உண்டு. இரண்டனையும் பிரித்து ஆராயாது வாளா வருந்துதல் அறிவுடையார்க்கு ஏலாது.

சான்று தேடி நெடுந்தொலை செல்லவேண்டுவதில்லை. மதுரையினின்று மேலூர் செல்லும் பெருவழியில் ஒத்தக்கடை என்னும் ஊர் உளது. அதனை அடுத்துப் படுத்த களிறுபோலத் தோன்றுவது ஆனைமலை. இம்மலையோடு தொடர்புற்ற பெயர்களைக் கால முறையில் வைத்து நோக்குவார்க்குப் பெயர்வழக்கின் வரலாறு தானே விளங்கும்.

மலைக்கண் உள்ள சமணர் குகையிற் பழந்தமிழ்ப் பிராமி எழுத்தாற் பொறித்த கல்வெட்டொன்று உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டினது என்பர் ஆய்வாளர். ஆங்கு உறைந்த துறவியர் பெயர்கள் அதன்கட் காணப்படும். எரி ஆரிதன் என்பது ஒன்று. அரட்ட காயிபன் என்பது மற்றொன்று. ஆரிதன் என்பது ஹாரீதன் என்பதன் திரிபு. காயிபன் என்பது காசியபன் என்பதன் திரிபு. ஆகவே இம்மலையிற் கல்லின்மேல் ஏறி நின்ற மிகப் பழைய பெயர்களே வடபுலத்து வழியின என்பது பெறப்படும். பண்டைக்காலத்துப் பெயரெல்லாம் தனித்தமிழே என்று முழங்குவார் இக்குகையை எட்டிப் பார்த்திலர் போலும்!

ஏழாம் நூற்றாண்டில் ஆளுடைய பிள்ளையார் மங்கையர்க்கரசியாரை நோக்கி அருளிய திருவாலவாய்ப் பதிகத்தில் ஆனைமலை சுட்டப்பட்டமை அன்பர் அறிவர். அப்பதிகத்திலேயே சமண முனிவர் பெயர்கள் அடுக்கிக் கூறப்படுகின்றன. தருமசேனன், கனகசேனன் எனச் சேனன் என்று முடிவன ஒரு திரள். கனகநந்தி, புட்பநந்தி என நந்தி என்று முடிவன மற்றொரு திரள். ஒரே ஈறு பெற்ற பெயர்கள் ஒரு கூட்டத்தாரிடைப் பரவுதல் இக்காலத்துப் புதுமை அன்று என்பது இதனால் தெளியப்படும்.

அதன்பின் ஒரு நூற்றாண்டு கழிந்து, கலியாண்டு 3871-இல், அஃதாவது கி.பி. 770-இல், பராந்தக நெடுஞ்சடையனுடைய அமைச்சன் மாறன் காரி இம்மலையைக் குடைந்து நரசிங்கப் பெருமாள் கோயிலை எடுப்பித்தான். அவன் இறந்தபின் அவன் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் செய்து முடித்தான். மாறன் மகன் காரி, மாறன் மகன் எயினன் என்பதே இப்பெயர்களின் பொருள். காரி, எயினன் என்பன சங்கத்துத் தலைமக்கள் தாங்கிய பெயர்கள். குகைத்துறவியரின் வடபுலப் பெயர்கட்கும், சேனன் நந்திகட்கும் பின்னர்ப் பழந்தமிழ்ப் பெயர்கள் அதே கல்லில் மீண்டும் தோன்றுகின்றன. அன்றியும், கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிப் பகுதி இவ்வமைச்சனை மதுரகவி என்கின்றது. வட்டெழுத்துப் பகுதி மாறன் காரி என்கின்றது. ஒருவற்கே இருமொழியில் இருபெயர்!

இனி, ஒன்பது பத்தாம் நூற்றாண்டு அளவில் அச்சணந்தி என்னும் சமண முனிவர் பெயர் இவ்வானைமலையிலும் அழகர்மலை, உத்தமபாளையம் முதலிய இடங்களிலும் பொறிக்கப்பெற்றது. நந்தி என்னும் ஈறு அற்றுப்போகவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்தவர் பவணந்தியார் ஆதலின், அவ்வீறு சைவ மடங்களிற் பயிலும் மாணவர் நாவிலும் இன்றளவும் வழங்குகின்றது. திருமூலர் மரபில் நந்தி என்பது இறைவற்கே உரிய திருப்பெயர் ஆதலையும் ஈண்டு நினைக. ஈற்றொலி ஒன்றே பற்றிப் பெயரின் சமயந் துணிதல் இதனால் இழுக்காம்.

ஆகவே, பெயர்கள் மாறாது நின்ற காலம் ஒன்று இருந்தது என்னும் கொள்கை நிலைபெறாது. அற்றேல், இக்காலப் பெயரீட்டிற் குறையொன்றும் இல்லையோ எனின், உண்டு. அது மொழியிலோ பழமையிலோ இல்லை. பெயரிடுதற்குக் காரணமாகிய தொடர்பில் உளது.

மெய்கண்ட தேவர்க்குப் பிள்ளைப் பெயர் சுவேதவனப் பெருமாள் என்பது. தந்தையார் அச்சுத களப்பாளர் திருவெண்காட்டிறைவனை வழிபட்டுப் பெற்ற மகவு ஆதலின் அப்பெயர் இடப்பட்டது. பட்டினத்தடிகட்குப் பிள்ளைப் பெயர் திருவெண்காடர் என்பது வழக்கு. வெண்காடு என்பதும் சுவேதவனம் என்பதும் ஒன்றே; ஒலி வேறு, பொருள் வேறன்று. திருமால் பெயர் தாங்கிய தந்தைக்குச் சிவன் பெயர் தாங்கிய மகன் பிறந்தமையும், பெருமாள் என்னும் சொல் அன்று சிவபிரானுக்கும் பொதுவாய் நின்றமையும் நோக்கத்தக்கன. 1876-இல் நாகப்பட்டினத்துப் பிறந்து வேதாசலம் எனப் பெயர் பெற்றவர், 1916-இல் தனித்தமிழ் இயக்கம் தோன்றியபின் மறைமலையடிகள் ஆயினார். மொழி மாறிற்று, வேதமலையாகிய திருக்கழுக்குன்றத்தைக் குறிக்கும் பொருள் மாறவில்லை. பின்வந்த திராவிட இயக்கத்தாரிடை நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் இராமையா அன்பழகனாகவும் ஆனமை வேறுவகை. ஆண்டு மொழியோடு தொடர்பும் மாற்றப்பட்டது, தெரிந்தே மாற்றப்பட்டது. உடன்படினும் படாவிடினும், செய்தது இன்னது என்று அறிந்து செய்தார் அவர்.

அறியாது செய்வதே ஈண்டு ஆராயற்பாலது. முன்னை நூற்றாண்டின் பிற்பகுதியில் ரமேஷ், சுரேஷ், மகேஷ், தினேஷ் என்னும் பெயர்கள் தமிழகமெங்கும் பெருகின. ஈசன் என்னுஞ் சொல்லே தேய்ந்து இவற்றின் ஈறாய் நின்றது. மகேசன் சிவபிரான், ரமேசன் திருமகள் கேள்வன், தினேசன் ஞாயிறு. மூன்றும் பொருளால் வேறாயினும் ஒலியால் ஒன்றாய்க் கொள்ளப்பட்டு, ஒரு வீட்டு உடன்பிறந்தார்க்கு இயைபு நோக்கி இடப்பட்டன. ஆர்வர்டுப் பல்கலைக்கழகத்துச் சமூகவியலறிஞர் ஸ்டான்லி லீபர்சன் 2000-இல் வெளியிட்ட நூலில், புறத்து நிகழ்ச்சிகளினும் பார்க்க, முன்னுள்ள சுவையினின்று சிறிது சிறிதாக விலகும் அகவிசையே பெயர்வழக்கை மிகுதியும் மாற்றுவது எனக் காட்டினார். திரைப்படத்தையே குற்றஞ் சாட்டுவார் இதனை எண்ணுக. சேனன் பெருகிய காலத்துத் திரைப்படம் ஏது?

நாள்மீனுக்கு எழுத்துப் பார்க்கும் வழக்கமும் ஒலி விருப்பத்திற்கு ஏணியாயிற்று. அசுவதிக்குச் சு, சே, சோ, ல என்றும், பரணிக்கு லி, லு, லே, லோ என்றும் பஞ்சாங்கம் கூறும். லகரம் மொழிக்கு முதலாகாது என்பது தொல்காப்பியர் துணிபு. சிவபிரானுக்கு உரிய திருவாதிரைக்கோ, கூறிய எழுத்துகளுள் ஙகரமும் ஒன்று! சுட்டு வினாக்களை அடுத்தன்றி மொழியில் வாராத அவ்வெழுத்தை முதலாகக் கொண்டு யாது பெயரிடுவது? வடமொழி நெடுங்கணக்குக்கு அமைந்த முறையைத் தமிழ்ப்பிள்ளைக்கு வலிந்து பொருத்துதல் நூல்வழியும் அன்று; அருள்வழியும் அன்று.

இது நிற்க. பழைய வழக்கைப் புகழ்வார் மறைத்துச் செல்லும் பகுதி ஒன்று உண்டு. பாட்டன் பெயரைப் பெயரனுக்கு இடுதல் நன்று; பேரன் என்னுஞ் சொல்லே பெயரன் என்பதன் மரூஉ. பல மகவிழந்தார் பிச்சை என்றும் குப்பை என்றும் பெயரிட்டதும் இகழ்தற்குரியது அன்று. எமன் கண்ணுக்குப் புலப்படாது பிழைக்கவேண்டும் என்னும் பெற்றோர் துயரம் அதன்கண் உளது. பலி தேர்ந்த பெருமானை வழிபடுவார்க்குப் பிச்சை என்பது இழிபெயரும் ஆகாது. ஆயின், மதுரைப் பக்கத்துச் சிற்றூர்களில் பெண்மகவு தொடர்ந்து பிறந்த வீட்டில் இறுதிப் பெண்ணுக்குப் போதும்பொண்ணு என்று பெயரிட்டனரே, அதற்கு யாது விடை? பிச்சை என்னும் பெயர் பிள்ளை வாழ்தற்கு இட்டது. போதும்பொண்ணு என்பது இனிப் பெண் வாராமைக்கு இட்டது. அதனைத் தாங்கியவள் பள்ளியிலும் வேலையிடத்தும் தன் பெயர் விளிக்கப்படுந்தோறும், தான் வேண்டப்படாதவள் என்னும் செய்தியைக் கேட்டுக்கொண்டே வாழவேண்டும். பெண்சிசுக் கொலையால் உசிலம்பட்டிப் பகுதி 1986-இல் நாடெங்கும் பேசப்பட்டதை நினைப்பார்க்கு இப்பெயரின் கொடுமை விளங்கும். பொருளறியாத புதுப்பெயரினும் பொருள் நன்கறிந்து இட்ட இப்பழம்பெயர் பன்மடங்கு தீது. மங்கையர்க்கரசியாரை முன்னிட்டுப் பாடிய பிள்ளையாரைப் போற்றும் சமயத்தார் இதனைக் கண்டிக்காது, யாழினி என்றும் தர்ஷன் என்றும் இட்ட பெற்றோரைக் கடிந்து பேசுதல் எவ்வாற்றானும் பொருந்தாது.

யாழினி என்பது புதிது. எனினும் யாழ் பழமையது. கயல்விழி என்று இடுவார் பலர் அதனைச் சமயம் சாராத தமிழ்ப்பெயர் எனக் கருதுவர். திருவாலவாயில் அங்கயற்கண்ணி எனவும் மீனாட்சி எனவும் வழங்கும் அம்மையின் திருப்பெயரே அது என்று ஒருவர் எடுத்துச் சொல்லின், ஒத்தக்கடையிலும் சுற்றூர்களிலும் எத்துணையோ வீட்டில் அம்மை முன்னரே எழுந்தருளியிருத்தல் தெரியவரும்.

திங்களூர் அப்பூதியடிகள் நாவுக்கரசரைக் காண்பதற்கு முன்னரே தம் மக்கட்கும், தண்ணீர்ப்பந்தற்கும், மனையிலுள்ள அளவைகட்கும் அப்பெயரே இட்டார். அந்நாவுக்கரசரோ பிள்ளைமையில் மருள்நீக்கியார், சமணப்பள்ளியில் தருமசேனர், திருவதிகையில் இறைவன் அளித்த பெயரால் நாவுக்கரசர், பிள்ளையார் வாய்மொழியால் அப்பர். இட்ட பெயரை மாற்றலாகாது என்பார்க்கு இவ்வரலாறே மறுப்பு. இக்காலத்தும் தமிழ்நாட்டு அரசிதழில் வெளியிட்டுப் பெயர் மாற்றிக்கொள்ளும் முறை உண்டு; அதற்குக் கட்டணமும் உண்டு. போதும்பொண்ணு என்னும் பெயரை நீக்க விழையும் பெண்கட்கு அக்கட்டணத்தைக் கொடுத்து, விண்ணப்பம் எழுதுதற்குத் துணை நிற்றலைச் சைவ சபைகள் மேற்கொள்ளலாம். கொள்ளும் புதுப்பெயர் இன்னது என்று துணிதல் அப்பெண்களுக்கே உரியது.