ஒப்பித்தலுக்குப் பிறகு என்ன?

மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தமிழ் மாணவர்களிடம் அறம் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வந்து சேர்கிறது. ஒன்று, தமிழ்ப்பள்ளி நாள்களிலேயே தொடங்கிவிடும் திருக்குறள் மனனப் போட்டி. மற்றொன்று, இடைநிலைப்பள்ளியில் முஸ்லிம் அல்லாதவர்கள் படிக்கும் நன்னெறிக் கல்வி. பழைய பாடத்திட்டத்தில் 36 பண்புகளையும் அவற்றின் விளக்கங்களையும் எழுத்துப் பிசகாமல் மனனம் செய்தவர்கள் இன்றைக்குப் பெற்றோராகிவிட்டார்கள். இரண்டு வழியிலும் விடை முன்கூட்டியே தயார். மாணவர் அதைத் தவறின்றிச் சொன்னால் போதும்.

அமெரிக்காவில் வேறொரு வடிவம் பிறந்தது. சிகாகோவில் தத்துவப் பேராசிரியர் ராபர்ட் லேடன்சன் 1993இல் கல்லூரி மாணவர்களுக்காகத் தொடங்கிய அறநெறிப் போட்டி அது. பின்னர் உயர்நிலைப்பள்ளிகளுக்கும் பரவி, வட கரோலினா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தேசியப் போட்டியாக வளர்ந்தது. சிக்கலான வாழ்க்கைச் சூழல்கள் பல, முன்னதாகவே அணிகளிடம் கொடுக்கப்படும். மேடையில் ஓர் அணி தன் நிலைப்பாட்டை விளக்கும். மற்ற அணி கருத்துரைக்கும். முதல் அணி பதில் தரும். நீதிபதிகள் துருவித் துருவிக் கேட்பார்கள்.

நம் பட்டிமன்றத்திலிருந்து இது விலகுவது ஓரிடத்தில்தான். யாருக்கும் கட்சி பிரித்துக் கொடுப்பதில்லை. எதிரணி சொல்வது சரியென்றால் ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொண்டதால் தோல்வி வராது. தான் நம்பாததையும் முழங்கிப் பழகிய பதினாறு வயதுப் பேச்சாளருக்கு இது பெரிய விடுதலை.

ஆனால் குறைகள் இல்லாமல் இல்லை. பணிவுக்கும் மதிப்பெண் உண்டு என்று தெரிந்தால் பணிவையும் நடித்துவிடலாம். சரளமாகப் பேசும் பிள்ளை ஆழமாக யோசிக்கும் பிள்ளையை முந்திவிடும். பயிற்றுநரும் ஆங்கிலப் புலமையும் உள்ள நகரப் பள்ளிக்கே வாய்ப்பு அதிகம். இந்த இடத்தில் குறள் போட்டியின் அருமை தெரிகிறது. அதற்குச் செலவில்லை. பெற்றோர் இருவரும் விடியலில் செம்பனைக் காட்டுக்குப் போகும் வீட்டுப் பிள்ளையும் தனியாகப் படித்து வெல்ல முடியும்.

குறளும் கேள்விக்கு இடம் தருகிற நூல்தான். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மைக்கு நிகராகும் என்று வள்ளுவர் 'வாய்மை' அதிகாரத்திலேயே சொல்கிறார். அந்த நன்மை குற்றமற்றது என்று தீர்மானிப்பவர் யார்? ஒப்பித்ததும் கைதட்டி அனுப்பிவிடும் மேடையில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை.

கேள்விகளுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமா? கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூடுகின்றன. அந்த மரங்களை அழித்தால் மின்மினியும் இல்லை. சுற்றுலா வருமானம் வேறொருவருக்குப் போகும்போது, கரையோரச் சிறுதோட்டக்காரர் தன் நிலத்தைத் திருத்தாமல் விட்டுவைக்கக் கடமைப்பட்டவரா? பெஸ்தாரி ஜெயா பக்கம் மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி உள்ளிட்ட ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் வீட்டுக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தன. தோட்டம் கைமாறும்போது பழைய வாக்குறுதியும் கைமாறுகிறதா? தாத்தா பாட்டி லயத்து வீட்டில் வாழ்ந்த மாணவர் இதற்குப் புத்தக விடை சொல்லமாட்டார்.

இத்தகைய போட்டியை இங்கே தமிழில் நடத்துவதற்கான தடை, பள்ளி அமைப்பில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. பிறகு பிள்ளைகள் தேசிய இடைநிலைப்பள்ளிகளுக்குச் சிதறுகிறார்கள். அங்கே தமிழ் வகுப்பு தொடங்கவே 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும். ஒரே பள்ளியில் தமிழில் வாதிடும் அணியைத் திரட்டுவது எளிதல்ல. ஆகவே தஞ்சோங் காராங், ஈஜோக், ஜெராம் என்று பல ஊர்ப் பள்ளிகளின் மாணவர்களைக் கலந்து அணி அமைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். நீதிபதி நாற்காலியில் ஆசிரியரோடு ஒரு தாதியும் ஒரு தொழிற்சங்கக்காரரும் உட்கார வேண்டும்.

கோப்பையே வேண்டாம் என்று சிலர் சொல்லக்கூடும். கோப்பை இல்லாத நிகழ்ச்சிக்குப் பள்ளிகள் பேருந்து அமர்த்தி மாணவர்களை அனுப்புவது அரிது. அதனால் கோப்பை இருக்கட்டும். மாற்ற வேண்டியது மதிப்பெண் தாள். குரல் வளத்துக்கும் மேற்கோளுக்கும் தரும் புள்ளிகளைக் குறைத்து, எதிரணியின் காரணத்தைக் கேட்டுத் தன் நிலைப்பாட்டைத் திருத்திக்கொண்ட அணிக்குத் தனிப் புள்ளி தரலாம். திருத்தியதற்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டால் அந்தப் புள்ளி கிடையாது என்ற விதியும் கூடவே இருந்தால், பணிவை நடித்துக்காட்டி வெல்வது கடினமாகிவிடும்.