அவனா, அவரா?

அலி ஸ்மித்தின் ‘தி டிடெய்னீஸ் டேல்’ கதையைத் தமிழாக்க உட்கார்ந்து, முதல் பத்தியிலேயே மாட்டிக்கொண்டேன். பிரிட்டனில் தடுத்து வைக்கப்பட்டிருந்த ஒருவர் தன் கதையைச் சொல்கிறார். கேட்டவர் அதை அவரிடமே ‘யூ’ போட்டுத் திரும்பச் சொல்கிறார். அந்த ‘யூ’ தமிழில் நீயா, நீங்களா?

கதை இருப்பது 2016இல் வந்த ‘ரெஃப்யூஜி டேல்ஸ்’ தொகுப்பில். காட்விக் விமான நிலையம் பக்கத்துத் தடுப்பு மையங்களில் இருப்பவர்களைப் போய்ப் பார்த்துப் பேசும் தன்னார்வலர்களின் முயற்சியில் பிறந்த நூல். சாசரின் யாத்ரீகர்கள் மாதிரி, 2015இல் டோவரிலிருந்து கிராலி வரை கதை சொல்லிக்கொண்டே நடந்தார்கள். அங்கே ஒருவரை இத்தனை நாள்தான் அடைத்து வைக்கலாம் என்று சட்டத்தில் பொதுவான வரம்பு கிடையாது. அதை எதிர்த்துத்தான் அந்த நடை.

பாதுகாப்புக்காகக் கதை சொன்னவர்களின் பெயர் மறைக்கப்பட்டிருக்கிறது. எழுதியவர்களுக்குப் பெயர் உண்டு. அவர்களில் ஒருவரான அப்துல்ரசாக் குர்னாவுக்கு 2021இல் நோபலே வந்தது. இந்த ஏற்றத்தாழ்வு என்னை உறுத்தியது. அலி ஸ்மித் அதை மறைக்கவில்லை என்பதுதான் கதையின் பலம். ‘நான்’ என்று அவர் குரலிலேயே எழுதியிருந்தால் படிக்கச் சுலபமாக இருந்திருக்கும். எதிரே ஒருத்தர் உட்கார்ந்து கேட்டதை மறந்திருப்போம். ‘யூ’ மறக்க விடுவதில்லை.

லண்டனில் வேலை பார்த்தபோது நானும் சில மாதம் அப்படி ஒருவரைப் பார்க்கப் போனேன். வழக்கு பற்றி ஆலோசனை சொல்லக் கூடாது. போகணும், பேசணும், அடுத்த வாரமும் போகணும், அவ்வளவுதான். டிக்கெட்டை குளோஸ் பண்ணியே பழகிய எனக்கு அது பெரிய அவஸ்தை. ஒருநாள் போனில் அம்மாவிடம், “பாவம்மா அவன்” என்றேன்.

“வயசு என்னடா?”

“என்னைவிடப் பத்துப் பன்னெண்டு பெரியவரு.”

“அப்புறம் என்ன அவன் இவன்னு?”

அவரிடம் ஆங்கிலத்தில் பேசியவரை நான் ரொம்ப மரியாதையானவன் என்றே நினைத்திருந்தேன். இரக்கம் தமிழில் வாய் திறந்ததும் அவர் ‘அவன்’ ஆகிவிட்டார்.

நூலிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. தஞ்ச நேர்காணலில் அவர்கள் கதை சொல்லியே ஆகணும். தேதி மாறினால்கூடச் சந்தேகம் வரலாம். பார்க்கப் போகிறவருக்குக் கதையே தேவையில்லை; கிரிக்கெட் பேசினாலும் போதும். தொகுப்புக்கோ கதை தேவை. கருணையோடு கேட்டாலும், இன்னொரு முறை சொல்லச் சொல்வதுதானே அது?

‘நீங்கள்’ என்றே போட்டேன். வாசித்துப் பார்த்தால் கொஞ்சம் விறைப்பாக, அலுவலகக் கடிதம் மாதிரி இருக்கிறது. ‘நீ’ போட்டால் இன்னும் உருக்கமாக இருக்கும். அந்த உருக்கம் யாருக்கு என்று எனக்கு இப்போது தெரியும்.