வழி நடந்தோரும் வழி காட்டுவோரும்

தமிழர் கண்ட இலக்கிய வகைகளுள் ஆற்றுப்படை தனிச் சிறப்புடையது. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் அவ்வகையைச் சார்ந்தவை. வள்ளலைக் கண்டு பரிசில் பெற்று மீளும் பாணனோ பொருநனோ கூத்தனோ, வறுமையோடு எதிர்வரும் மற்றொருவனுக்கு வழி கூறுவதே அதன் பொது அமைப்பு. வழி கூறுபவன் அவ்வழியைத் தானே நடந்தவன். பசியையும் அறிந்தவன், பசி தீர்ந்த நிலையையும் அறிந்தவன். இன்று உளநலத் துறையில் 'கவுன்சலிங்' எனப்படும் பணிக்கு ஆற்றுப்படுத்தல் என்னும் பெயரைத் தமிழில் பலர் வழங்குகின்றனர். பொருத்தமான பெயரே. ஆயினும், அப்பணியை மேற்கொள்வோர் வழியை நடந்தவரா, வழியைப் படித்தவர் மட்டுமா என்னும் வினா அப்பெயருக்குள்ளேயே பொதிந்து கிடக்கிறது.

அவ்வினாவைக் கருவாகக் கொண்ட புதினம் ஒன்று ஆங்கிலத்தில் உண்டு. அமெரிக்க உளமருத்துவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியருமான இர்வின் யாலோம் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி ஷோப்பனோவர் கியூர்' என்பதே அது. குழு உளமருத்துவத்திற்கு 1970ஆம் ஆண்டில் இலக்கணநூல் போன்றதொரு பாடநூல் எழுதியவர் யாலோம். இலக்கணம் வகுத்தவரே இலக்கியமும் படைத்தமையால், ஒன்றை மற்றொன்றால் அளந்து பார்க்கும் வாய்ப்புத் திறனாய்வாளனுக்குக் கிடைக்கிறது.

குழு உளமருத்துவம் என்பது யாது? உளத் துயருற்றோர் ஏழெட்டுப் பேர், பயிற்சி பெற்ற ஒருவரின் தலைமையில், குறித்த நாளில் குறித்த நேரம் வட்டமாக அமர்ந்து தம்முள் உரையாடுவதே அதன் புறவடிவம். 1905ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்னும் மருத்துவர் காசநோயாளர்களைக் குழுவாகக் கூட்டி அறிவுரை கூறியதை இதன் தொடக்கமாகக் கொள்வர். ஒருவரோடு ஒருவர் கொள்ளும் உறவே அங்கு மருந்தாகிறது. மருந்து அதுவாயின் நஞ்சும் அதுவே. தனியறையில் மருத்துவர் தவறிச் சொல்லும் சொல் ஒரு செவியிலேயே விழும். குழுவில் விழுந்த சொல்லோ அத்தனை பேர் முன்னும் ஒருவரைத் தலைகுனியச் செய்யும். யாலோம் தம் தோழர் இருவருடன் ஸ்டான்ஃபோர்டு மாணவர் இருநூற்றுவருக்கு மேற்பட்டோரிடையே நடத்தி 1973ஆம் ஆண்டில் நூலாக்கிய ஆய்வு இதனை மெய்ப்பித்தது. உளச்சந்திப்புக் குழுக்களில் பங்கு கொண்ட அம்மாணவருள் பதினாறு பேர் நலம் பெறுதற்கு மாறாக ஊறுபட்டனர் என்றும், தலைமை தாங்கியவரின் போக்கு அதற்கு ஒரு முதன்மையான காரணம் என்றும் அந்நூல் காட்டியது. ஆகவே, குழுத் தலைவரை எவ்வாறு உருவாக்குவது என்பது ஏட்டளவான ஆராய்ச்சியன்று. மாந்தர் நலத்தைப் பற்றிய கேள்வியாகும்.

இனிக் கதைக்கு வருவோம். சான்பிரான்சிஸ்கோ நகரின் உளமருத்துவர் ஜூலியஸ் கொடிய தோற்புற்று நோய்க்கு ஆளாகிறார். நலமாக வாழும் காலம் ஓராண்டளவே என அறிந்ததும், தம் வாழ்நாட்பணியால் விளைந்தது யாது எனத் திரும்பிப் பார்க்கிறார். மூன்றாண்டு முயன்றும் தம்மால் குணப்படுத்த இயலாத பிலிப் என்பவனின் நினைவு எழுகிறது. தேடிச் சென்று காண்கிறார். காமப் பிணியால் அலைந்த அவன், ஜெர்மானிய மெய்யியலறிஞர் ஷோப்பனோவரின் நூல்களைக் கற்றுத் தானே குணமடைந்ததாகக் கூறுகிறான். அதுமட்டுமன்று, தானும் ஆற்றுப்படுத்துநன் ஆகப் போவதாகவும், உரிமம் பெறுதற்கு மூத்தவர் ஒருவரின் மேற்பார்வை வேண்டுமென்றும் கேட்கிறான். எவர் முகத்தையும் ஏறிட்டு நோக்காத ஒருவன் பிறர் துயர் துடைக்கப் புறப்படுகிறான்! ஜூலியஸ் ஒரு நிபந்தனை விதிக்கிறார். பிலிப் ஆறு திங்கள் தம் குழுவில் உறுப்பினனாக அமர வேண்டும், அதன்பின்னரே மேற்பார்வை.

இந்நிபந்தனையே நூலின் உயிர்நாடி. குழுவில் அமர்ந்த பிலிப் முதலில் மேற்கோள்களாகவே பேசுகிறான். பிறர் அவன் அறிவை வியக்கின்றனர். சிலர் பயனும் கொள்கின்றனர். ஆனால் அவன் யாரையும் நோக்கிப் பேசுவதில்லை. இங்குதான் யாலோம் தம் பாடநூலின் அடிப்படைக் கருத்தொன்றைக் காட்சியாக்குகிறார். குழுவில் பேசப்படும் பொருள் ஒன்று; அப்பேச்சு மாந்தரிடையே நிகழ்த்தும் உறவு மற்றொன்று. 'ஆசை அறுமின்' என்று ஒருவன் கூறினால், அக்கூற்று மெய்யா பொய்யா என ஆராய்வது பொருள்நோக்கு. அதனை இப்போது, இவளிடம், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஏன் கூறினான் என ஆராய்வது உறவுநோக்கு. இரண்டாவது நோக்கே குழுத் தலைவருக்கு இன்றியமையாதது. அதனை நூல் படித்துப் பெறுதல் அரிது. தன்னைப் பிறர் எவ்வாறு காண்கின்றனர் என்பதைத் தன் செவியால் கேட்டு, வெட்கி, பொறுத்து, தெளிந்தவனுக்கே அது வாய்க்கும்.

இவ்வுண்மை ஆய்வுலகில் வெளிப்பட்ட வரலாறும் சுவையானது. 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சமுதாயத் தலைவர்களுக்குப் பயிலரங்கு ஒன்றை உளவியலறிஞர் குர்ட் லெவின் நடத்தினார். பயிற்சி பெற்றோரின் நடத்தை குறித்து ஆய்வாளர்கள் மாலையில் தமக்குள் கலந்துரையாடினர். பயிற்சி பெற்றோர் சிலர் தாமும் இருந்து கேட்க விரும்பினர், இசைவு கிடைத்தது. தம் நடத்தை பற்றித் தம் முன்னிலையிலேயே பிறர் பேசக் கேட்டது, பகலில் கேட்ட பாடங்களைவிட ஆழமாக அவர்களைத் தொட்டது. அடுத்த ஆண்டே மேய்ன் மாநிலத்துப் பெத்தல் என்னும் ஊரில் அம்முறையே பயிற்சியின் நடுநாயகமாயிற்று. பிலிப் அமர்ந்த நாற்காலி அவ்வழியில் வந்ததே.

ஷோப்பனோவர் கூறிய முள்ளம்பன்றிக் கதையும் புதினத்தில் இடம்பெறுகிறது. குளிரில் நடுங்கும் முள்ளம்பன்றிகள் வெம்மை நாடி நெருங்கும்; நெருங்கினால் முள் குத்தும்; விலகினால் குளிர் வாட்டும். உள்ளே போதிய வெம்மை உடையோர் விலகியே வாழலாம் என்பது அம்மெய்யியலாரின் முடிவு. பிலிப் அம்முடிவையே தன் மருந்தாகக் கொண்டவன். முள் குத்தாத இடைவெளியைக் குழுவில் கற்றுக்கொள்ளலாம் என்பது ஜூலியஸின் விடை. தம் நோயையும் அச்சத்தையும் குழுவினரிடம் மறைக்காது கூறுவதன் வாயிலாக, அவ்விடையை அவர் வாழ்ந்தும் காட்டுகிறார். புதினத்தின் மிகச் சிறந்த பகுதிகள் இவையே எனலாம்.

குணத்தைக் கண்ட கண் குற்றத்தையும் காணல் வேண்டும். குழுவின் பழைய உறுப்பினள் பாம் இந்தியப் பயணம் முடித்து மீள்கிறாள். இகத்புரியில் விபாசனா தியானம் பயின்றும் முழு அமைதி காணாதவள். பல ஆண்டுகளுக்கு முன், தான் மாணவியாக இருந்தபோது, துணைப் பயிற்றுநனாக இருந்த பிலிப் தன்னை மயக்கிக் கைவிட்டான் என்பது அவளது ஆறாப் புண். அவனையே தன் குழுவில் காண்கிறாள். இத்தற்செயல் ஒற்றுமை கதைக்கு விறுவிறுப்பூட்டுகிறது. ஆனால் பயிற்சி முறைக்கு இழுக்காகிறது. ஊறு செய்தவனும் ஊறுபட்டவளும் ஒரே வட்டத்தில் அமர்ந்த பின்னும் ஜூலியஸ் குழுவைத் தொடர்கிறார். ஒருவரே பிலிப்புக்கு மருத்துவராகவும் நாளைய மேற்பார்வையாளராகவும் இருக்கிறார். நலம் நாடி வந்தோர் நடுவே உரிமம் நாடி வந்தவன் அமர்கிறான். முடிவு நன்மையாய் அமைந்தது புதின ஆசிரியரின் அருள். 1973ஆம் ஆண்டு ஆய்வில் ஊறுபட்ட பதினாறு பேருக்கு அவ்வருள் கிட்டவில்லை.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. குழுத் தலைவரை உருவாக்க நான்கு படிகளை யாலோமின் பாடநூல் வகுக்கிறது. தேர்ந்தவர் நடத்தும் குழுவை அருகிருந்து காணல். தான் நடத்தும் முதற் குழுக்களுக்கு நெருங்கிய மேற்பார்வை பெறல். உறுப்பினனாகக் குழுவில் அமர்ந்து பட்டறிதல். தன் உள்ளத்தைத் தானே ஆராய்ந்து தெளிதல். இந்நான்கனுள் இறுதி இரண்டையே புதினம் விரிவாகக் காட்டுகிறது. பிலிப் அழுது, உடைந்து, மனிதனாகிறான், ஜூலியஸ் மறைகிறார், மூன்றாண்டுகளுக்குப் பின், குழுத் தோழனான தச்சன் டோனியுடன் சேர்ந்து பிலிப் குழு நடத்தும் நிலையில் கதை முடிகிறது. இடையே அவன் தலைமை தாங்கித் தடுமாறியது எங்கே? திருத்தியவர் யார்? உள்ளம் திருந்தியவன் தொழிலும் கற்றவனாகிவிட்டான் என நம்பும்படி வாசகனை விட்டுவிடுகிறது புதினம். நோயிலிருந்து மீண்டவரெல்லாம் மருத்துவராகார். அன்புடையார் அனைவரும் ஆசிரியராகார்.

ஷோப்பனோவரின் வாழ்க்கை வரலாற்றை ஒன்றுவிட்டு ஓர் இயலாகச் செருகியதும் சிலருக்குத் தடையாகத் தோன்றலாம். ஆயினும் அன்னையின் அன்பு பெறாது தனித்து வாழ்ந்த அவ்வறிஞரின் வரலாறு, பிலிப்பின் நோய்க்கு உரை எழுதுவதுபோல் அமைந்துள்ளது. குழுவில் அமராத பிலிப்பே ஷோப்பனோவர் என்பது ஆசிரியரின் குறிப்பு.

ஆசிரியர் பயிற்சியோடு தொடர்புடையோர் இந்நூலை விருப்புடன் படிப்பர். பாடம் நடத்துவதைப் பின்வரிசையில் அமர்ந்து காணல், கற்பித்துக் காட்டித் திருத்தம் பெறல் என்பன அவர்கள் நன்கறிந்த படிகள். இக்காலத்தில் சின்னாட் பயிலரங்கு ஒன்றில் குறிப்பெடுத்தவுடனே மாணவரை வட்டமாக அமர்த்தி உள்ளம் திறக்கச் சொல்லும் ஆர்வம் எங்கேனும் தோன்றின், இந்நூலும் இதன் குறையும் சேர்ந்தே அதனைத் தடுத்து நிறுத்தும். ஆற்றுப்படைப் பாணன் வழியை நடந்தவன் மட்டுமல்லன். எங்கே நீர் உண்டு, எங்கே விலங்கு உண்டு, எவ்வூரில் யாது உணவு கிடைக்கும் என முறையாக எடுத்துரைக்கவும் வல்லவன். நடந்த வழியும் வேண்டும். உரைக்கும் திறனும் வேண்டும். யாலோமின் புதினம் முன்னதைச் சிறப்பாகக் கற்பிக்கிறது. பின்னதற்கு அவருடைய பாடநூலையே நாட வேண்டும்.