உடைகலமும் அதன் சரக்கும்

கித்துல்கலவுக்கு வருவோர் களனி கங்கைக் கரையிலே தேடிக் காண்பது ஒரு பாலத்தின் எச்சம். 1957இல் வெளிவந்த குவாய் நதிப் பாலம் என்னும் ஆங்கிலத் திரைப்படத்துக்காகக் கட்டப்பட்டு, அதற்காகவே தகர்க்கப்பட்ட பாலம் அது. உண்மையான சயாம்-பர்மா இரயிற்பாதையிலோ, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். படமோ ஆங்கிலேயப் போர்க்கைதிகளின் கதையாகவே அமைந்தது. எஞ்சிய பொருளைக் காண்பது வேறு; அதன் பின்னின்ற கைகளை அறிவது வேறு. இவ்வேறுபாட்டை உளத்திற் கொண்டு காலிக் கோட்டையிலுள்ள கடல்சார் தொல்பொருள் நூதனசாலையை நோக்குதல் தகும்.

ஒல்லாந்தரின் பழைய பண்டகசாலையில் அமைந்த அந் நூதனசாலையில், அவொண்ட்ஸ்டர் என்னும் கலத்தினின்று எடுக்கப்பட்ட பொருள்கள் சிறப்பிடம் பெறுவன. அந்தி விண்மீன் என்பது அப்பெயரின் பொருள். ஒல்லாந்தக் கும்பனி ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய இக்கலம், 1659 யூலை 2ஆந் தேதி காலித் துறைமுகத்தில் நங்கூரம் நழுவிக் கரையில் மோதி அமிழ்ந்தது. 1993இல் இது கண்டறியப்பட்டது. 2001 முதல் 2004 வரை அகழப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை, மீட்கப்பட்ட பொருள்களுட் பலவற்றை மீளவும் வாரிச் சென்றது. கடல் கொண்டதைக் கடலினின்று மீட்டோர், அதனை நிலத்திலே வைத்தும் கடலுக்கே இழந்தனர். எஞ்சியன இன்று நம் கண்முன் உள்ளமை அவர்தம் விடாமுயற்சியின் பயனாகும்.

ஆயினும், காண்போர் உள்ளம் முதலிற் செல்வது பீரங்கியிடத்தும் நங்கூரத்திடத்துமே. கயிற்றுத் துண்டும் மட்பாண்டமும் அதன் பின்னரே கருத்தைக் கவரும். அக்கலம் அன்று ஏற்றிக்கொண்டிருந்த சரக்கு யாது என வினவுவோர் மிகச் சிலரே. தென்னிந்தியாவுக்குச் செல்லவிருந்த பாக்கே அது. ஈழத்தின் ஈரநிலத்து ஊர்களிற் கொல்லைதோறும் நிற்பது கமுகு. கித்துல்கலச் சிறுவர் நாளும் காணும் மரமும் அதுவே. அதிலேறிக் குலை பறித்தவர் யார்? தோலுரித்து உலர்த்தியவர் யார்? துறைவரை சுமந்தவர் யார்? கும்பனியின் பெயர் நிலைத்தது; இவர்கள் பெயர் நிலைக்கவில்லை. இரும்பு நிலைக்கும், பாக்கு மக்கும். நிலைத்ததே பெரிதென்று கொள்ளும் மயக்கம் இங்கேதான் பிறக்கின்றது.

கடல் விட்டுவைத்ததை அன்றி வேறெதனை நூதனசாலை காட்டவியலும் எனச் சிலர் வினவலாம். அது நேரிய வினாவே. காட்டவியலாததை உணர்த்துவது பொருளின் கடனன்று. மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியரின் கடன். கைநிறையப் பாக்கும் ஒரு தேசப்படமும் உடன் கொண்டு செல்லும் ஆசிரியர், பீரங்கி கூறாத வரலாற்றைக் கூறுவார்.

பாக்குச் சென்ற திசைக்கு எதிர்த்திசையில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, தோட்டத் தொழிலாளரின் முன்னோர் சிறு தோணிகளிற் பாக்குநீரிணையைக் கடந்தனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியே மலைநாட்டுக்கு நடந்தனர். ஒல்லாந்தக் கலத்தருகே நின்று, "இதில் ஏற்றியவர் யார்?" என வினவக் கற்ற தோட்டத்துப் பிள்ளை, வீடு திரும்பியதும், "பாட்டி, நம்மவர் எந்தக் கரையில் இறங்கினார்கள்?" என்றும் வினவும். அவ்வினாவை எழுப்பும் கண்காட்சியே பயனுடைய கண்காட்சியாகும்.