பிரயாண வண்டியில் ஒரு சாக்கெட்

நெடுந்தூரப் பிரயாணத்துக்கென்று அமைந்த மோட்டார் சைக்கிளில், ரப்பர் மூடி போட்ட சிறு சாக்கெட் ஒன்று இருப்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. பி.எம்.டபிள்யூ வண்டிகளில் காணும் 12 மில்லிமீட்டர் சாக்கெட், கார்களின் சிகரெட் லைட்டர் துவாரத்தைவிடக் குறுகியதாயினும், செருகியதைக் குலுக்கலிலும் இறுகப் பற்றிக்கொள்ளும் குணத்தினால், எனக்கு அதன்மீதே பட்சம் அதிகம்.

என் வண்டியில் அத்தகைய ஒன்றைப் பொருத்திய ஆட்டோ எலெக்ட்ரீஷியன், பாட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸை வைத்து, அப்பால் ரிலே ஒன்றை நிறுத்தி, அதை இயக்கும் சமிக்ஞையைப் பின்விளக்கு ஒயரிலிருந்து எடுத்து, சாவியைத் திருப்பினால் மட்டுமே மின்சாரம் பிரவேசிக்கும்படி செய்த லாவகத்தைப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். ஹாண்டில்பார் திரும்புமிடத்தில் ஒயரைச் சற்றே தளர விட்டார். இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பார்த்த பிறகே டேப் சுற்றினார்.

பியூஸ் 5 ஆம்பியர். 12 வோல்ட்டில் 60 வாட். கைப்பேசிக்குத் தாராளம்.

“டயருக்குக் காற்றடிக்கிற பம்புக்கு?” என்றேன்.

“அதுக்கு நேரா பாட்டரியிலேயே கிளிப் மாட்டிக்குங்க சார்.”

சாவியைத் திருப்பினார். இருக்கைக்கடியில் ரிலே ‘டக்’கென்றது.