கைகுலுக்கலில் காணாத கைகள்

இரண்டு புகைவண்டி எஞ்சின்கள் ஒன்றையொன்று எதிர்நோக்கி நிற்கின்றன. நடுவில் இரு பொறியாளர்கள் கைகுலுக்குகின்றனர். எஞ்சின்களின்மேல் ஏறியவர்கள் மதுப்புட்டிகளை நீட்டுகின்றனர், சுற்றிலும் பெருங்கூட்டம். அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த இருப்புப்பாதை, யூட்டாப் பகுதியின் பிராமன்டரி மேட்டில் நிறைவுற்ற 1869 மே 10 அன்று, ஆண்ட்ரூ ரசல் என்பவர் எடுத்த நிழற்படம் இது. நெடுங்காலமாகப் பாடநூல்களில் இடம்பெற்று வரும் இப்படத்தை, ஓர் இலக்கியப் பனுவலை வாசிப்பதுபோல் வாசித்துப் பார்ப்போம்.

படம் சொல்லும் செய்தி ஒற்றுமை. கிழக்கிலிருந்து வந்த யூனியன் பசிபிக் நிறுவனமும், மேற்கிலிருந்து வந்த சென்ட்ரல் பசிபிக் நிறுவனமும் தோழமையோடு சந்தித்தன என்கிறது அது. வரலாறோ வேறு கதை கூறுகிறது. அடிமை முறையைக் காக்கத் தென் மாநிலங்கள் பிரிந்துபோனதால், எந்த வழியில் பாதை அமைப்பது என்ற நெடுநாள் வழக்கு வடக்கின் விருப்பப்படி முடிந்தது. 1862 ஜூலை 1 அன்று லிங்கன் சட்டத்தில் கையெழுத்திட்டார். போடும் ஒவ்வொரு மைலுக்கும் சமவெளியில் 16,000 டாலர், மலைப்பகுதியில் 48,000 டாலர் என்று அரசு கடன் பத்திரங்கள் வழங்கியது. பாதையின் இருமருங்கும் நிலமும் அளித்தது. மைலே பணமாயிற்று. ஆகவே இரு நிறுவனங்களின் மண்வேலைக் குழுக்களும் யூட்டாவில் சந்தித்தபோது நிற்கவில்லை. ஒன்றையொன்று கடந்து, நூறு மைலுக்கும் மேல் அருகருகே வெட்டிக்கொண்டே போயின. எங்கே இணைவது என்பதை 1869 ஏப்ரலில்தான் முடிவுசெய்தார்கள். கைகுலுக்கும் அவ்விருவருக்கும் பின்னால் இந்தப் போட்டி மறைந்து நிற்கிறது.

மறைந்து நிற்பது இது மட்டுமன்று. சென்ட்ரல் பசிபிக் பாதையை மலை கடத்தியவர்களில் பெரும்பான்மையோர் சீனாவின் குவாங்டோங் மாகாணத்து உழவர் மக்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். இப்படத்தில் முகம் தெரியும்படி அவர்களுள் ஒருவரும் இல்லை.

சியரா நெவாடா மலையுச்சியில் 1,659 அடி நீளச் சுரங்கப்பாதையைக் கருங்கல்லைக் குடைந்து அமைத்தவர்கள் அவர்கள். உளியும் சம்மட்டியும் வெடிமருந்தும் அவர்களுடைய கருவிகள். பனிக்காலத்தில் பனிக்குள் வழி குடைந்து வேலைத்தலத்துக்குச் சென்றார்கள். வெள்ளைத் தொழிலாளருக்கு ஊதியத்தோடு உணவும் கிடைத்தது. சீனர் குறைந்த ஊதியத்திலேயே தம் உணவையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1867 ஜூனில் ஆயிரக்கணக்கானோர் கருவிகளைக் கீழே வைத்தார்கள். மாதம் 40 டாலர் ஊதியம், வெளியில் பத்து மணி நேர வேலை, சுரங்கத்துள் எட்டு மணி நேர வேலை – இவையே கோரிக்கைகள். வன்முறை ஏதுமில்லை. கட்டுமானத் தலைவர் சார்லஸ் கிராக்கர் மலைக்குச் செல்லும் உணவை நிறுத்தினார். ஏறத்தாழ ஒரு வாரத்தில் பசி வென்றது.

இங்கே திறனாய்வாளர் நிதானிக்க வேண்டும். நிழற்படக் கலைஞர்மீது பழியைப் போட்டுவிடுவது எளிது. ஆனால் அதே நாளில் அதே ரசல், கடைசித் தண்டவாளத்தருகே வேலை செய்யும் சீனர்களையும் படமெடுத்திருக்கிறார். அன்று அவர்களிற் சிலரை மேற்பார்வையாளர் ஸ்ட்ரோபிரிட்ஜ் தமது பெட்டியில் விருந்துக்கு அழைத்துச் சிறப்பித்தார் என்ற செய்தியும் உண்டு. ஆக, அவர்கள் காணப்படாதவர்கள் அல்லர், கண்டபின் கைவிடப்பட்டவர்கள். இரு படங்களுள் எதை மீண்டும் மீண்டும் அச்சிடுவது என்று தேர்ந்தது பின்வந்த தலைமுறைகள். இத்தேர்வுக்கு முன்னோடியும் உண்டு. 1869 ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் பத்து மைல் பாதை போட்டபோது, தண்டவாளம் தூக்கிய எட்டு அயர்லாந்துக்காரர்களின் பெயர்கள் ஏட்டில் ஏறின. உடன் உழைத்த பல நூறு சீனர்களின் பெயர்கள் ஏறவில்லை. அவ்வெட்டுப் பேரும் ஏழைக் கூலிகளே. அவர்கள் பெற்ற புகழ் நியாயமானது. அடுத்தவனுக்கு அது மறுக்கப்பட்டதே அநீதி.

இந்த மறதிக்கு விலை உண்டு. பாதை முடிந்து பதின்மூன்று ஆண்டுகளில், 1882இல், சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதையே அமெரிக்கச் சட்டம் தடுத்தது. 1943 வரை அது நீடித்தது. 1969இல் நூற்றாண்டு விழா மேடையில் பேசிய மத்திய அமைச்சர், இவ்வருஞ்செயலை அமெரிக்கர்களின் வீரமாகவே போற்றினார். அச்செயலைச் செய்த சீனருக்கோ அந்நாளில் குடியுரிமை பெறவே சட்டம் இடந்தரவில்லை.

இவர்களுள் ஒருவர் எழுதிய கடிதமோ நாட்குறிப்போ ஆய்வாளர் கைக்கு எட்டவில்லை. ஆவணம் மௌனமாகும்போது இலக்கியம் என்ன செய்யலாம்? மேக்சின் ஹாங் கிங்ஸ்டன் 1980இல் வெளியிட்ட 'சைனா மென்' இதற்கு ஒரு விடை. தம் பாட்டனார் ஆ கூங் மலையைக் குடைந்த கதையை அவர் கற்பனையால் மீட்கிறார். பாறைமுகத்தில் கூடைகளில் தொங்கியபடி வெடிவைத்தார்கள் என்னும் செய்தியை இன்றைய வரலாற்றாசிரியர் பலர் ஐயுறுகின்றனர்; அவ்வகையில் நூலைச் சான்றாகக் கொள்ளலாகாது. ஆயினும் பாட்டனாரைத் தியாகச் சிலையாக்காமல், விசித்திரமும் ஏக்கமும் நிறைந்த மனிதராகவே படைத்திருப்பது நூலின் வெற்றி. அதனினும் துணிவானது, நடுவே வரும் 'சட்டங்கள்' என்னும் இயல். சீனருக்கு எதிரான சட்டங்களை ஆண்டு வரிசையில் உணர்ச்சியின்றி அடுக்கிச் செல்கிறார். கதை மீட்ட மனிதரை அரசு எவ்வாறு அழித்தெழுதியது என்பதை அந்த வறண்ட பட்டியலே உணர்த்திவிடுகிறது.

மற்றொரு விடை 2014இல் வந்தது. நியூயார்க் நிழற்படக் கலைஞர் கார்க்கி லீ, அத்தொழிலாளரின் வழித்தோன்றல்கள் உள்ளிட்ட சீன அமெரிக்கர்களைப் பிராமன்டரியில் திரட்டி, பழைய காட்சியைப் புதிதாகப் படமெடுத்தார். நெஞ்சைத் தொடும் செயல். எனினும் ஒரு குறையைச் சுட்டாமலிருக்க இயலவில்லை. முகங்கள் மாறினும் காட்சி பழைய வெற்றி விழாவே. நிறுத்தப்பட்ட உணவு அதில் இல்லை. பாதைக்காக நிலமிழந்த ஷயென், ஷோஷோனி மக்களும் இல்லை. விடுபட்டவரைச் சேர்த்துக்கொள்வது நீதியின் முதற்படி. எந்த விழாவில் சேர்க்கிறோம் என்று கேட்பது அடுத்த படி.

ஆகவே ரசலின் இரு படங்களையும் லீயின் படத்தையும் ஒருசேர வைத்துப் பார்க்குமாறு வாசகரை வேண்டுகிறோம். கிங்ஸ்டனின் 'சட்டங்கள்' இயலும் அருகில் திறந்திருக்கட்டும். பாடநூலில் பார்த்துப் பழகிய அந்தக் கைகுலுக்கல் அப்போது வேறொன்றாகத் தெரியும்.